படங்கும் கூடாரத் துணியும் ஏன் ஒழுகத் தொடங்குகின்றன?

மலையகத்தில் படங்கோ தறப்பாளோ இல்லாத வீடு குறைவு. கொழுந்து பறிக்கப் போகும்போது இடுப்பில் கட்ட ஒன்று, விறகை மூட ஒன்று, தகரம் ஒழுகுகிற இடத்தில் இழுத்துக் கட்ட இன்னொன்று. நல்லதண்ணியில் இருந்து சிவனொளிபாதமலைக்கு ஏறும் வழியில், டிசம்பர் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் வரை முளைக்கிற தேநீர்க் கடைகளில் பலவும் இவற்றின் கீழேதான் நடக்கின்றன. இப்போது கூடாரமும் இதோடு சேர்ந்துவிட்டது. மடுல்சீமைக்கும் நக்கிள்ஸ் பக்கமும் வார இறுதியில் போகிற இளையவர்கள் பலர் சொந்தக் கூடாரம் வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு பழகியும், இந்தத் துணிகள் தண்ணீரை எப்படித் தடுக்கின்றன என்று பேசும்போது எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். ஒழுகினால் 'மழையில் அடிபட்டுப் பழசாகிவிட்டது' என்று முடிவு கட்டுகிறோம். ஒருவர் மெழுகுதிரியை உருக்கித் தேய்க்கச் சொல்வார். இன்னொருவர் பெயின்ட் அடிக்கச் சொல்வார். சிலருக்கு அது பலிக்கும், பலருக்குப் பலிக்காது. ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

உண்மையில் மழையால் கெடுகிற துணி குறைவு. ஈரத்தோடு மடித்து மூலையில் போடுவதுதான் நல்ல துணியைக் கெடுக்கிற முதல் காரணம். என்ன துணி என்று தெரியாமல் எதையாவது பூசுவது இரண்டாவது. இந்த இரண்டும் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

தண்ணீரைத் தடுக்க இரண்டு வழி

ஓடைக்கரையில் நிற்கிற சேம்பிலையில் மழை விழுந்தால் தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு உருண்டு போகும். இலை நனைவதே இல்லை. அதே மழை ஜன்னல் கண்ணாடியில் விழுந்தால் பரவி ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி நன்றாக நனைகிறது, ஆனால் ஒரு சொட்டும் உள்ளே வராது. நாம் வாங்குகிற மழைத்துணிகள் எல்லாம் இந்த இரண்டில் ஒன்றையோ, இரண்டையும் சேர்த்தோதான் செய்கின்றன.

இலையின் வழியை நீர்விலக்கல் என்று சொல்வோம்: மேற்பரப்பு தண்ணீரை ஒட்டவிடாமல் தள்ளுவது. தண்ணீர்த் துணிக்கைகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. அந்த இழுப்புக்குப் பெயர் மேற்பரப்பு இழுவிசை. துணியின் மேல் மெழுகு போன்ற பூச்சு இருந்தால், துளிக்குத் துணியோடு ஒட்டுவதைவிடத் தன்னோடு தானே சுருண்டு நிற்பது எளிது. அதனால் உருண்டு ஓடிவிடுகிறது.

கண்ணாடியின் வழி நீர்த்தடை: தண்ணீர் புக ஓட்டையே இல்லாத ஒரு படலம். கூடாரத் துணியின் உட்பக்கம் லேசாக மினுமினுக்குமே, அந்தப் படலம் இதுதான். இதை மில்லிமீற்றரில் அளக்கிறார்கள். 1500 மில்லிமீற்றர் என்று போட்டிருந்தால், அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரை நிரப்பித் துணிமேல் நிறுத்தினாலும் அந்த அழுத்தத்தை அது தாங்கும் என்று அர்த்தம். ஈரமான நிலத்தில் நாம் முழங்காலை ஊன்றினால் அந்த ஒரு இடத்தில் அழுத்தம் இதைவிட அதிகமாகும். கூடாரத்தின் தரைத்துணிக்குக் கூரையைவிடப் பெரிய எண் போடுவது அதனால்தான்.

சேம்பிலையில் சவர்க்காரத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். முத்தாகத் திரளாமல் பரவி இலையை நனைக்கும். சவர்க்காரம் மேற்பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடுகிறது. சலவைத்தூள் போட்டு நுரைக்க நுரைக்கத் தேய்த்துக் கழுவிய கூடாரம் அடுத்த மழையில் ஊறிப்போவதும் இப்படித்தான். துணியில் தங்கிய சவர்க்காரம் தண்ணீரை உள்ளே அழைக்கிறது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: ஒன்று தள்ளுகிறது, மற்றது மறிக்கிறது. தள்ளும் பூச்சு தேய்ந்து துணி ஊறினாலும், மறிக்கும் படலம் நன்றாக இருந்தால் தண்ணீர் உள்ளே வராது. துணி கனத்துத் தொய்யும், அவ்வளவுதான். படலம் போய்விட்டால் மேலே எத்தனை ஸ்பிரே அடித்தாலும் கனமழைக்கு நிற்காது.

உங்களிடம் இருப்பது எந்தத் துணி?

கன்வஸ் படங்கு பருத்தி நூலில் நெருக்கமாக நெய்தது. இது மேலே சொன்ன இரண்டு வழியோடு மூன்றாவதாக ஒரு வேலையும் செய்கிறது. பருத்தி நூல் தண்ணீர் பட்டால் பருக்கும். பருத்த நூல்கள் ஒன்றையொன்று நெருக்கி இடையில் உள்ள கண்களை அடைத்துவிடும். புதுக் கன்வஸ் கூடாரம் முதல் மழையில் தையல் ஓரமாகச் சொட்டுவதைப் பார்த்து ஏமாந்துவிட்டோம் என்று நினைக்கத் தேவையில்லை. பயணத்துக்குமுன் வீட்டு முற்றத்தில் கட்டி, நன்றாக நனைத்து, முழுக்கக் காயவைக்க வேண்டும். அப்போது நூல் பருத்து ஊசித் துளைகளை நிரப்பும். ஒன்றிரண்டு தடவை இப்படிச் செய்தால் சொட்டு பெரும்பாலும் நின்றுவிடும். மழை பெய்யும்போது கன்வஸை உள்ளிருந்து விரலால் தொடாதே என்று பெரியவர்கள் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. நூல் கண்களில் இழுவிசையால் தொங்கி நிற்கிற தண்ணீர், விரல் பட்டதும் உள்ளே வழியத் தொடங்கலாம்.

இன்றைய கூடாரங்களில் பெரும்பாலானவை பொலியெஸ்டர் அல்லது நைலோன். உட்பக்கம் பொலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் படலம் பூசியிருக்கும், தையல்மேல் நாடா ஒட்டியிருக்கும். எடை குறைந்த விலை கூடிய சில கூடாரங்களில் பொலியூரித்தேனுக்குப் பதில் சிலிக்கோன் இருக்கும். அதைத் தொட்டால் வழுக்கும், தையலில் நாடா இருக்காது. சிலிக்கோனில் அந்த நாடா ஒட்டாது என்பதே காரணம். அடையாளம் காண இது நல்ல வழி.

லொறிமேல் கட்டுகிற கனமான வழுவழுப்பான படங்கு பெரும்பாலும் பி.வி.சி. பூசியது. மடிக்கும்போது சரசரக்கிற நீலத் தறப்பாள் பொலித்தீன். அதன் நாடா போன்ற பின்னலைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

மடிப்புக்குள் என்ன நடக்கிறது?

பருத்தி, மரத்தைப் போலவே செலுலோசால் ஆனது. பூஞ்சணத்துக்கு அது சாப்பாடு. காற்றின் ஈரப்பதன், அதாவது அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு அதில் இருக்கிறது என்ற அளவு, 70 சதவீதத்துக்கு மேல் நீண்ட நாள் நின்றாலே பூஞ்சணம் வளர வழி கிடைத்துவிடும். 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவில் மழைக்காலத்தில் ஈரப்பதன் 80க்கு மேல் போவது சாதாரணம். அந்தக் காற்றே போதும் என்றால், ஈரத்தோடு இறுக்கி மடித்த கன்வஸின் நடு மடிப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முதலில் மண்வாசனை வரும், பிறகு கறுப்புப் புள்ளிகள் வரும், கடைசியில் துணி கிழியும். புள்ளி வந்த பிறகு அதைக் கொல்லலாம், கறை போகாது. நூல் இழந்த பலமும் திரும்பாது.

பிளாஸ்டிக் துணியைப் பூஞ்சணம் அப்படித் தின்னாது. அதனால் அதை ஈரமாக வைத்தாலும் பரவாயில்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இது தவறு. பொலியூரித்தேன் படலத்தை ஈரம் வேறு விதமாகக் கெடுக்கிறது. தண்ணீர் அதன் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளை மெல்ல மெல்ல அறுக்கும். இதற்கு நீர்ப்பகுப்பு என்று பெயர். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் வேகமாக நடக்கும். கூடாரத்தை விரிக்கும்போது உட்பக்கம் பிசுபிசுத்து, வாந்தி போன்ற புளித்த வாடை வந்து, படலம் பொடுகுபோல உரிந்தால் அது நீர்ப்பகுப்புதான். மழையில் நின்ற நாட்கள் இதைச் செய்வது குறைவு. பைக்குள் சுருண்டு கிடந்த மாதங்கள்தான் செய்கின்றன.

பொலித்தீன் தறப்பாளுக்கு எதிரி வெயில். வெயிலின் புறஊதாக் கதிர் அதை நொறுங்கச் செய்யும். ஒவ்வொரு 1000 மீற்றர் உயரத்துக்கும் அந்தக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடுகிறது. குளிர் ஊர்தானே, வெயில் என்ன செய்யும் என்று மலையில் நினைப்பது தவறு. வேலை முடிந்ததும் கழற்றி நிழலில் வைத்த தறப்பாள் நீண்ட நாள் வரும்.

ஆக, பருத்தியைப் பூஞ்சணம் தின்கிறது, பொலியூரித்தேனை ஈரம் அறுக்கிறது, பொலித்தீனை வெயில் நொறுக்குகிறது. முதல் இரண்டுக்கும் மருந்து ஒன்றே: காயவைத்து வைப்பது.

ஒழுகலா, மூச்சுக் காற்றா?

பூச்சு பூச ஓடுமுன் இதைப் பார்த்துவிடுங்கள். மலையுச்சியில் விடியப்புறம் கூடாரத்தின் உட்பக்கம் முழுக்க நீர்த்துளி நின்றால் 'ஒழுகுது' என்கிறோம். பல தடவை அது ஒடுக்கம்: நம் மூச்சிலும் நனைந்த உடுப்பிலும் இருந்து வருகிற நீராவி, குளிர்ந்த துணியில் பட்டுத் துளியாவது. தையல், மூலை, தரை என்று ஓரிடத்தில் மட்டும் சொட்டினால் ஒழுகல். கூரை முழுக்கச் சீராக வியர்த்திருந்தால் ஒடுக்கம். அதற்கு வேண்டியது காற்றோட்டம். குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் இறுக்கி மூடினால் இன்னும் மோசமாகும். கூடாரத் துணிக்குப் பூச்சு மேல் பூச்சாக அடித்தும் 'சரிவரவில்லை' என்று சலிப்பவர்களின் துணியில் பல நேரம் குறையே இருக்காது.

வெயில் இல்லாத ஊரில் காயவைப்பது

வெயிலில் போடுங்கள் என்று சொல்வது யாழ்ப்பாணத்தில் சரி. தலவாக்கலையில் ஜூன் மாதம் வெயிலுக்கு எங்கே போவது? நல்ல வேளையாகத் துணி காய வெயில் கட்டாயம் இல்லை, காற்று போதும். முதலில் உதறுங்கள். பழந்துணியால் இரண்டு பக்கமும் துடையுங்கள். பாதி ஈரம் அங்கேயே போய்விடும். பிறகு விறாந்தையிலோ அறைக்குள்ளோ ஒற்றைத் துணியாக, இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி கொடியில் போட்டு, சில மணிக்கு ஒரு தடவை தொங்குகிற விளிம்பை மாற்றுங்கள்.

கடைசியாகக் காய்வது மடித்துத் தைத்த ஓரங்கள், மூலைப் பட்டிகள், கயிறு. நடுத்துணி காய்ந்ததைப் பார்த்து மடிப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். ஈரத்துணி தொட்டால் குளிரும் என்பார்கள். நுவரெலியாவில் காய்ந்த துணியும் குளிரும்! ஆகவே ஓரத்தையும் நடுவையும் மாறி மாறிக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஓரம் அதிகமாகக் குளிர்ந்தால் இன்னும் காயவில்லை.

கன்வஸுக்கு நேரமும் முக்கியம். 65 சதவீத ஈரப்பதன் உள்ள சாதாரண அறையிலேயே பருத்தி தன் எடையில் 8 சதவீதம் அளவுக்கு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பொலியெஸ்டர் அரை சதவீதம்கூடப் பிடிக்காது. மதியம் காய்ந்த படங்கைப் பின்னேரப் பனிமூட்டம் இறங்கும்வரை வெளியில் விட்டால், மழையே பெய்யாமல் அது மறுபடி ஈரமாகிவிடும். பனி வருமுன் எடுத்துவிட வேண்டும்.

மலையில் இருந்து இறங்கும் அன்று நனைந்த கூடாரத்தைச் சுருட்டி எடுத்து வருவதைத் தவிர்க்க முடியாது. அதில் தப்பில்லை. வீட்டுக்கு வந்த அன்றே, களைப்பாக இருந்தாலும், விரித்துப் போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

மடிப்பதும் வைப்பதும்

ஒவ்வொரு முறையும் அதே கோட்டில் மடித்தால் படலம் அந்தக் கோட்டில் வெடிக்கும். பழைய கூடாரங்களில் ஒழுகல் நேர்கோடாக வருவதைக் கவனித்தால் மடித்த இடம் தெரிந்துவிடும். ஒருமுறை மூன்றாக, அடுத்தமுறை நான்காக என்று மாற்றிக்கொள்ளுங்கள். மடிப்பைக் கையால் அழுத்தித் தேய்க்காதீர்கள். மெல்லிய கூடாரத் துணியைப் பைக்குள் அள்ளித் திணிப்பது அலங்கோலமாகத் தெரியும், ஆனால் மடிப்பு ஒரே இடத்தில் விழாது என்பதால் பயணத்துக்கு அது நல்லதே. கன்வஸையும் பி.வி.சி.யையும் அப்படிச் செய்ய முடியாது. அவற்றைத் தளர்வாகச் சுருட்டுங்கள். மண்ணும் கூழாங்கல்லும் உள்ளே இருக்கக்கூடாது, அவை உரசி ஓட்டை போடும்.

வீட்டில் வைக்கும்போது, கூடாரத்தோடு வந்த இறுக்கமான பை வேண்டாம். பெரிய தலையணை உறை போதும், காற்றுப் போய்வரும். சிமெந்துத் தரையிலும், மழைப்பக்கச் சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். லயத்துச் சுவர்கள் மழைக்காலத்தில் ஈரத்தை உள்ளே கசியவிடும். அடுப்புக்கு நேர் மேலே உள்ள பரணும் சரியில்லை. கன்வஸுக்கு அந்த உலர்ந்த காற்று நல்லதுதான், ஆனால் கரி படியும், பொலியூரித்தேனுக்கு வெப்பம் ஆகாது, மெழுகு பூசிய துணி எளிதில் தீப்பற்றும். உள்சுவர்ப் பக்கம், தரையை விட்டு உயரமாக ஒரு தட்டு இருந்தால் அதுவே சிறந்தது. மழைக்காலத்தில் இடையிடையே எடுத்து முகர்ந்து பாருங்கள். மண்வாசனை வந்தால் உடனே விரித்துப் போடுங்கள்.

மண்சரிவு எச்சரிக்கை வரும் பகுதிகளில் இருப்பவர்களுக்கு இன்னும் ஒன்று. ஒரு நல்ல தறப்பாளைக் கயிற்றோடு, காய்ந்த நிலையில், கைக்கெட்டும் இடத்தில் தனியாக வையுங்கள். விறகு மூடுகிற கிழிந்த தறப்பாள் அன்றைக்கு உதவாது.

மறுபடி பூசுமுன் கழுவுங்கள்

அழுக்கின்மேல் எந்தப் பூச்சும் ஒட்டாது. காய்ந்த மண்ணை மென்மையான பிரஷ்ஷால் தட்டி, ஆறிய தண்ணீரில் பஞ்சால் துடைத்தாலே பெரும்பாலும் போதும். தேவைப்பட்டால் கொஞ்சம் மென்மையான சவர்க்காரம் போட்டு, நுரை முழுக்கப் போகும்வரை அலச வேண்டும். சலவைத்தூள், பிளீச், கொதிநீர், சலவை இயந்திரம் எதுவும் வேண்டாம். பூஞ்சணப் புள்ளிக்கு ஒரு பங்கு வினாகிரியும் நாலு பங்கு தண்ணீரும் கலந்து தடவி, ஊறவிட்டு, அலசிக் காயவையுங்கள். ஓடையில் வைத்துக் கழுவாதீர்கள். மகாவலியும் களனியும் வளவையும் இந்த மலைகளில்தான் பிறக்கின்றன. நாம் அலசிவிடுவது கீழே யாரோ குடிக்கிற தண்ணீர்.

எதற்கு எதைப் பூசுவது?

கன்வஸுக்கு மெழுகு பலிக்கும், ஏனென்றால் அது நூலுக்குள் இறங்கும். வெறும் மெழுகுதிரி குளிரில் வெடித்து உதிரும். தேன்மெழுகு கலந்தால் வளைந்து கொடுக்கும். கலவையை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள், நேரடியாகத் தீயில் வைக்க வேண்டாம். ஆறிக் கட்டியானதைத் துணியில் தேய்த்து, மேலே பழந்துணி போட்டு அயன் பெட்டியை மெல்ல ஓட்டினால் உள்ளே இறங்கும். துணி கனக்கும், காற்று உள்ளே புகுவது குறையும், நெருப்பிடம் இருந்து தள்ளி வைக்க வேண்டும். இதெல்லாம் இந்த முறையின் விலை.

பழைய முறை ஒன்றும் உண்டு: படிகாரம். கொழுப்பில் செய்த பார் சவர்க்காரத்தைச் சீவி வெந்நீரில் கரைத்து, அதில் கன்வஸை ஊறவைத்துப் பிழிந்து, பிறகு படிகாரம் கரைத்த தண்ணீரில் முக்குவார்கள். படிகாரத்தில் உள்ள அலுமினியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத புதுச் சவர்க்காரமாக நூலுக்குள்ளேயே படியும். கரையும் சவர்க்காரம் தண்ணீரை அழைக்கிறது, இந்தக் கரையாத சவர்க்காரமோ தண்ணீரைத் தள்ளுகிறது. சலவைத்தூளில் இது நடக்காது. படிகாரம் அமிலத்தன்மை உள்ளது என்பதால் கடைசியில் நன்றாக அலச வேண்டும், இல்லாவிட்டால் காலப்போக்கில் பருத்தி பலவீனமாகும். செலவு குறைவு, தூறலுக்கு நல்லது. கொட்டுகிற மழைக்கு மெழுகுதான் என் தேர்வு.

பொலியூரித்தேன் படலம் நன்றாக இருந்து, மேலே துணி மட்டும் ஊறினால், கூடாரத்துக்கென்று விற்கிற நீர்விலக்கி ஸ்பிரே போதும். அதை வெளிப்பக்கம் அடிக்க வேண்டும். தையல் நாடா உரிந்திருந்தால் பழையதை எடுத்துவிட்டு, தையல் அடைக்கும் பசையை மெல்லிய கோடாகத் தடவுங்கள். படலமே உரிகிறது என்றால், உரியும் பகுதியை முழுக்கச் சுரண்டி எடுத்த பிறகுதான் உட்பக்கம் புதிதாகப் பூசலாம். தடித்த ஒரு பூச்சைவிட மெல்லிய இரண்டு பூச்சு மேல். கூடாரம் முழுக்கப் பிசுபிசுத்துவிட்டால் அதற்குமேல் பணம் போடாதீர்கள்.

சிலிக்கோன் துணியில் சிலிக்கோன் மட்டுமே ஒட்டும். வேறு எதைப் பூசினாலும் காய்ந்து தோலாக உரிந்து வரும். பி.வி.சி. படங்குக்கு அதே பொருளில் வெட்டிய துண்டையும் பி.வி.சி. பசையையும் வைத்து ஒட்டுப் போடலாம். பொலித்தீன் தறப்பாளில் பெயின்ட் நிற்காது, மெழுகும் நிற்காது. எதையும் ஒட்டவிடாத மேற்பரப்பு அதனுடையது. ஓட்டைக்கு இரண்டு பக்கமும் தறப்பாள் டேப் ஒட்டலாம். பின்னலே நொறுங்கத் தொடங்கினால் மாற்றுவதுதான் வழி.

பூசுவதற்குக் காலம் பார்க்க வேண்டும். பூச்சு இறுக உலர்ந்த நாட்கள் தேவை. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை காய்ந்த காலம். பதுளை, பண்டாரவளைப் பக்கம், மேற்கே தென்மேல் பருவப்பெயர்ச்சி கொட்டித் தீர்க்கிற ஜூன் முதல் செப்டம்பர் வரை காய்ந்த காற்று வீசும். தேயிலை தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை: அந்தந்தப் பக்கத்துத் தேயிலை நல்ல மணமும் நல்ல விலையும் பெறுவதும் ஏறக்குறைய இதே மாதங்களில்தான், இதே காற்றினால்தான். பூசிய பிறகு புட்டியில் சொன்ன நேரத்தைவிட ஒரு நாள் கூடக் காயவிட்டு, முற்றத்தில் கட்டி, தையல்மேல் வாளியால் தண்ணீர் ஊற்றுங்கள். உள்ளே ஒருவர் கைவிளக்கோடு நின்று எங்கே ஈரம் தெரிகிறது என்று பார்த்து, சோக்கால் குறித்துவிடட்டும். காய்ந்ததும் அந்த இடங்களுக்கு மட்டும் இன்னொரு பூச்சு போதும்.